எங்கள் ஹால்ட்டில் ரயில் நின்ற காரணம்

பழைய மீட்டர்கேஜ் ரயில்களின் படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு அவற்றைப் பற்றி ஓயாமல் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். என் கணவர் அவர்களில் ஒருவர். போன மாதம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இது உங்க ஊர்ப் பக்கம் மாதிரி இல்ல?" என்று கேட்டார்.

கறுப்பு வெள்ளைப் படம். கரி எஞ்சின் ஒன்று புகையை விட்டுக்கொண்டு வளைவில் நிற்கிறது. ஜன்னல்தோறும் தலைகள். தூரத்தில் பனைகள், அவற்றுக்குப் பின்னால் மலை. படத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையைத் தாண்டி ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறாள். அவளுக்குப் பின்னால் பாவாடை சட்டை போட்ட ஒரு சிறுமி, பை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

எடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர். எஞ்சின்களைப் படம் பிடிப்பதற்கென்றே கடல் தாண்டி வந்தவராம். 'பாலக்காடு - பொள்ளாச்சி பாதை. இடம் தெரியவில்லை. ரயில் நின்ற காரணம் தெரியவில்லை' என்று அவர் குறித்து வைத்திருந்ததை அப்படியே போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரு பெரிய வாக்குவாதம். தண்ணீர் பிடிக்க நின்றிருக்கும் என்றார் ஒருவர். அந்த இடத்தில் தண்ணீர்க் குழாயே கிடையாது என்றார் இன்னொருவர். மாடு குறுக்கே வந்திருக்கலாம், சிக்னல் விழாமல் இருந்திருக்கலாம் என்று ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், ஓரத்தில் இருக்கிற ஆட்களை வெட்டிவிட்டால் எஞ்சின் இன்னும் எடுப்பாகத் தெரியும் என்று யோசனை சொல்லியிருந்தார்.

வெட்ட வேண்டாம். அது என் அத்தை. பையோடு ஓடுகிறவள் நான். அங்கே அந்த ரயில் நின்ற காரணமும் எங்களுக்குத்தான் தெரியும்.

கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊருக்கு ஸ்டேஷன் கிடையாது, ஹால்ட்தான். பிளாட்பாரம் இல்லை. மூன்று மொழியில் ஊர்ப் பெயர் எழுதிய ஒரு மஞ்சள் பலகை, ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் கமிஷனுக்கு டிக்கெட் கொடுக்கிற ஒருவர். அவரை ஊரில் டிக்கெட்காரர் என்றே கூப்பிட்டோம். ரயில் அரை நிமிஷம் நிற்கும். கீரைக்கட்டும் பால் கேனும் முதலில் ஏறும், பிறகு ஆட்கள் தொற்றிக்கொள்வார்கள். எனக்கு எட்டு வயது நடக்கும்போது, ஏறுகிற ஆள் போதவில்லை என்று சொல்லி, நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பலகை இருந்தது, கொட்டகை இருந்தது, ரயில் மட்டும் ஊதிக்கொண்டே ஓடிப்போனது. டிக்கெட்காரர் கொட்டகையில் வெற்றிலை, பீடி, சோடா விற்க ஆரம்பித்தார்.

உடனே ஹால்ட் கமிட்டி ஒன்று கிளம்பியது. அதற்குத் தலைவர் என் பெரியப்பா. தென்னந்தோப்பும் வெள்ளைச் சட்டையும் உள்ள மனிதர், தலைமை தாங்குவதென்றால் அவருக்குக் கசக்காது. கூட்டத்தில் பெரியப்பா பேசியதை நான் பாயில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "நம்மூட்டுப் பொம்பளைங்க ரயிலேறறதுக்கு நாலு மைலு நடக்கோணுமா? அவங்களுக்காச்சும் வண்டி இங்க நின்னாவோணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஊரே கையெழுத்தும் கைநாட்டும் வைத்து மனு அனுப்பியது. பதில் வரவில்லை. மறுபடி அனுப்பியது.

அந்த மனுக்களுக்கு நடுவில்தான் ஒரு நாள் மத்தியானம் அத்தை வந்து சேர்ந்தாள். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. உடுமலைப் பக்கம் கட்டிக் கொடுத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்திருந்தாள். கையில் பை இல்லை. ஒரு காலில் நீல வார் செருப்பு, இன்னொரு காலில் பச்சை வார். நான் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தையும் குனிந்து பார்த்துவிட்டு, "அட, ஆமா" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. என்னை அடுப்படிக்கு விரட்டினாள்.

வலது காது மடல் கிழிந்து காய்ந்து போயிருந்தது. "என்னங்க அத்தை இது?" என்று கேட்டதற்கு, தோடு சேலையில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னாள். எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது. சேலை பொல்லாதது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை எங்களோடு இரண்டு மாதம் இருந்தாள். எனக்கு இரட்டைச் சடை போட்டுவிட ஆள் கிடைத்தது. பல்லாங்குழியில் என்னை ஏமாற்ற ஆள் கிடைத்தது. பெரியவர்கள் மட்டும் அவள் இல்லாதபோது ஒரு மாதிரியும் இருக்கும்போது வேறு மாதிரியும் பேசினார்கள். பெரியப்பா தினமும் சாயங்காலம் வந்து கட்டிலில் உட்கார்ந்து அப்பாவிடம், "எத்தன நாளைக்குத்தான் இப்படி வெச்சிருக்கிறது? நாலு பேரு கேக்கறாங்கல்ல" என்பார். அப்பா அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி நான் பார்த்ததில்லை.

ஓணம் லீவு விட்டதும் முடிவாகிவிட்டது. பெரியப்பாவே அத்தையைக் கூட்டிக்கொண்டுபோய் விடுவது. மாமா பொள்ளாச்சி ஸ்டேஷனுக்கு வந்து நிற்பார், அங்கேயே ஒப்படைத்துவிட்டுத் திரும்புவது. கேட்டதும் அம்மா, "இவளும் கூடப் போவட்டுமுங்க. லீவுதான, பத்து நாள் அத்தைக்குத் துணையா இருந்துட்டு வரட்டும்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா என்னை எங்கும் தனியாக அனுப்பியதே இல்லை. எட்டு வயதுப் பெண்ணை என்ன துணைக்கு அனுப்புகிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. ரயில், மாமா வீடு, உடுமலைச் சந்தை, இவ்வளவுதான் என் மனதில் இருந்தது. அம்மா தன் புதுச் செருப்பை அத்தைக்குக் கொடுத்தாள். அத்தை அதைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

எங்கள் ஹால்ட்டில்தான் ரயில் நிற்காதே. அதனால் மேற்கே இருக்கிற ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டியில் போனோம். அங்கே ஏறினால் ரயில் எங்கள் ஊரைத் தாண்டித்தான் கிழக்கே போகும். பெரியப்பா எங்களைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு, பையைக் கொடுத்து, "பொள்ளாச்சி வந்தா நானே வந்து கூப்படறேன். எடையில எங்கயும் எறங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

பெட்டியில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மடியில் கோழி. அத்தை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது தமிழும் மலையாளமும் படிக்கத் தெரியும். எங்கே எழுத்தைப் பார்த்தாலும் உரக்கப் படித்துக் காட்டுகிற வியாதியும் இருந்தது. தலைக்கு மேலே ஒரு குழாயில் சங்கிலி ஓடியது, பிடிக்கிற இடத்தில் சிவப்புப் பெயின்ட். பக்கத்தில் ஒரு தகடு.

"வண்டியை நிறுத்த சங்கிலியை இழுக்கவும். தகுந்த காரணமின்றி இழுத்தால் தண்டனை" என்று படித்தேன்.

அத்தை திரும்பினாள். "மறுக்காப் படி."

படித்தேன்.

"தகுந்த காரணமிருந்து இழுத்தா?"

நான் எம்பி நின்று தகட்டின் கடைசி வரைக்கும் பார்த்தேன். மலையாளத்திலும் தேடினேன். "அதப் பத்திப் போடலீங்க அத்தை."

"போடாட்டிப் போவுது" என்றாள் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மிணி, நீ இந்த ஜன்னல்ல தலைய வெச்சுட்டு, கள்ளு ஷாப்பு வந்ததும் சொல்றயா?" என்றாள்.

கள்ளு ஷாப்பு எங்கள் ஊர் எல்லை. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, தூரத்திலிருந்தே தெரியும். அது வந்தால் அடுத்தது வாய்க்கால், அதற்கடுத்து ஹால்ட். எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. கண்ணில் கரித்தூள் விழ விழப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, ஷாப்பு."

அத்தை அம்மாவின் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துப் பைக்குள் வைத்தாள். பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். சிவப்புப் பெயின்டைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கி, கிணற்றுக் கயிற்றில் தொங்குவதுபோலத் தொங்கினாள். கோழிக்காரி, "ஏம்மா, ஏம்மா" என்றாள். எங்கோ காற்று சீறுகிற சத்தம் கேட்டது. பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வாய்க்கால் போனது, மஞ்சள் பலகை மெல்ல மெல்ல ஜன்னலுக்கு வந்தது, நின்றது.

இறங்கினோம். பிளாட்பாரம் இல்லாததால் அத்தை முதலில் குதித்து, என்னை இடுப்பைப் பிடித்து இறக்கினாள். பையை நான் வாங்கிக்கொண்டேன். அவள் கொட்டகையைத் தாண்டி ஊர்ப் பாதையில் நடக்க ஆரம்பித்தாள், வெறுங்காலோடு. நான் பின்னால் ஓடினேன். அந்தப் படம் அப்போது எடுத்ததுதான். வெள்ளைக்காரர் எந்தப் பெட்டியிலிருந்து குதித்தாரோ, நான் பார்க்கவில்லை.

அடுத்த பெட்டி ஜன்னலிலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. "எவன்டா அவன், நேரங்காலம் தெரியாம சங்கிலிய இழுத்தவன்?" என்று ரயில் முழுவதுக்கும் கேட்கும்படி கத்தினார். பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து அத்தைக்கு முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது. "ஏறு அம்மிணி. மாப்பள பொள்ளாச்சில வந்து நிப்பாரு."

"நிக்கட்டுமுங்கண்ணா."

"விளையாடாத. ஏறு."

"நான் ஏற மாட்டனுங்க. தூக்கித்தான் போட்டுட்டுப் போவோணும். போடுங்க, அடுத்த ஊர்லயும் சங்கிலி இருக்குது."

இதை அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மோர் வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். பெரியப்பா கையை ஓங்கினார். ரயிலில் இருந்த அத்தனை ஜன்னல்களும் பார்த்துக்கொண்டிருந்தன. கை இறங்கிவிட்டது.

அதற்குள் கார்டு வந்துவிட்டார். மலையாளத்துக்காரர், வயதானவர், கையில் பச்சைக் கொடி. "ஆரா சங்ஙல வலிச்சது?" என்றார், சங்கிலியை இழுத்தது யார் என்று.

எனக்கு ஒரே பெருமை. "எங்க அத்தைதானுங்க" என்றேன்.

"எந்தினு?" என்று கார்டு அத்தையைக் கேட்டார். எதற்காக என்று அவர் கேட்டது எல்லோருக்கும் புரிந்தது.

அத்தை பெரியப்பாவைப் பார்த்தாள். பிறகு மஞ்சள் பலகையைக் காட்டினாள். "இது எங்கூருங்க. இங்க நிக்கோணுமுங்க. நம்மூட்டுப் பொம்பளைங்களுக்காச்சும் வண்டி இங்க நின்னாவோணும்னு எங்கண்ணந்தான் சொன்னாருங்க."

டிக்கெட்காரர் சோடா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக மனு எழுதி எழுதிக் கை வலித்த மனிதர். அவர் ஒரே தாவலில் வந்து நடுவில் நின்று, "சார், இது சமரம்" என்றார். போராட்டம் என்பதற்கு எங்கள் பக்கம் அந்தச் சொல்தான். "இவுரு எங்க கமிட்டித் தலைவரு. இந்தம்மா இவுரு கூடப் பொறந்த தங்கச்சி. குடும்பத்தோட வந்து மறிச்சிருக்காங்க."

வயல்காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், ரயில் நின்ற சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள், கள்ளு ஷாப்பிலிருந்து வந்தவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ ஒருவர் பெரியப்பாவின் தோளில் சிவப்புத் துண்டைப் போட்டார். கார்டு பெரியப்பாவைப் பார்த்து, "நேரானோ?" என்றார். உண்மையா என்று.

பெரியப்பாவின் முகத்தை நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை, இவளைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்று ஊரார் அத்தனை பேர் முன்னால் அவர் சொல்லியிருக்கலாம். ரொம்ப நேரம் தொண்டையைச் செருமினார்.

"ஆமாங்க. எங்க தங்கச்சிதானுங்க" என்றார்.

கார்டு அத்தையின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார், கேசு வரும் என்றார். கொடியைக் காட்டினார். ரயில் போனது. அது போவதற்குள் டிக்கெட்காரர் சமயம் பார்த்து இரண்டு பால் கேனை ஏற்றிவிட்டிருந்தார்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். எங்களைக் கண்டதும் உள்ளே போய்ச் சோற்றுப் பானையை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். அத்தை பைக்குள்ளிருந்து செருப்பை எடுத்துக் கொடுத்தபோது, "நீயே போட்டுக்க புள்ள" என்றாள்.

ஒரு வாரம் கழித்து மாமா வந்தார், பொள்ளாச்சி பஸ்ஸில். அவர் வந்தபோது கமிட்டி ஆட்கள் எங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை கதவோரமாக நின்று, "கேசு முடியாம நான் ஊரத் தாண்டக் கூடாதுங்க. போலீசு தேடுமுங்க" என்றாள். அப்படி ஒரு சட்டம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. டிக்கெட்காரர், "ஆமாங்க மாப்பள, இவுங்க இல்லைன்னா எங்க கேசே நிக்காது" என்று தலையை ஆட்டினார். மாமா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தென்னை மரத்தைப் பார்த்தார். நான் மாமாவுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு போகிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

கேசு பாலக்காட்டில் இழுத்தடித்தது. வாய்தாவுக்குப் போகும் நாளெல்லாம் அத்தை என் ஸ்கூல் பையில் வெட்டிப் பழக இரண்டு பழைய சேலைகளை வைத்து எடுத்துக்கொண்டு போவாள். கோர்ட்டு வேலை முடிந்ததும் டவுனில் ஒரு தையல்கடையில் உட்கார்ந்து துணி வெட்டக் கற்றுக்கொண்டாள். முதல் வாய்தாவுக்குப் பெரியப்பா கூடப் போனார். மூன்றாவதற்கு அப்பா போனார். அதற்குப் பிறகு அவள் தனியாகவே போய்வந்தாள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேசுக்குப் போகிற பெண்ணை யார் என்ன கேட்பது?

கடைசி நாளில் நடந்ததை டிக்கெட்காரர் ஊரெல்லாம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். அத்தை பேசுவதற்காக, ஹால்ட் இல்லாமல் ஊர்ப் பெண்கள் படும் பாட்டையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதி, மனப்பாடம் பண்ணச் சொல்லிக் கொடுத்திருந்தார். மாஜிஸ்திரேட், தகுந்த காரணம் எதுவும் இருந்ததா என்று கேட்டிருக்கிறார்.

"இருந்துச்சுங்க" என்றிருக்கிறாள் அத்தை.

"என்ன காரணம்?"

"அங்க எறங்கோணும்னு இருந்துச்சுங்க. எறங்குனனுங்க."

"ரெண்டு பக்கம் எழுதுனது அத்தனையும் தண்டமாப் போச்சு" என்றார் டிக்கெட்காரர். ஏதோ ஒரு தொகையை அபராதமாகப் போட்டார்கள், கமிட்டி கட்டியது. அதற்குள் ஒன்றரை வருஷம் ஓடியிருந்தது. அத்தை எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பெரியப்பாவின் வெள்ளைச் சட்டைகள் அங்கேதான் தைக்க வந்தன.

அதன் பிறகும் இரண்டு மனு போனது. கேசு காரணமோ மனு காரணமோ, காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாக இரண்டு வண்டி எங்கள் ஹால்ட்டில் மறுபடி நிற்கும் என்று உத்தரவு வந்தது. முதல் நாள் ஊரே கொட்டகையைச் சுற்றிக் கூடிவிட்டது. எஞ்சினுக்கு வாழைமரம் கட்ட இருவர் தயாராக நின்றார்கள். டிக்கெட்காரர் சோடா பாட்டில்களை மூலையில் தள்ளிவிட்டுப் பழைய டிக்கெட் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார். பெரியப்பா தேங்காயோடு நடுவில் நின்றார். ஹால்ட்டை மீட்ட குடும்பம் என்று அவரைப் பற்றிப் பேசினார்கள், அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அத்தையை முன்னால் வரச் சொன்னார்கள். அவள் பெண்களோடு பின்னாலேயே நின்றுகொண்டாள், என் கையைப் பிடித்தபடி. அவள் தைத்துக் கொடுத்த புதுப் பாவாடையை நான் போட்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் நான் ஏற்கனவே இரண்டு முறை இதைக் கதையாகச் சொல்லியிருந்தேன். ஊருக்காகச் சங்கிலி இழுத்த அத்தை என்று. மலையாளம் டீச்சர் எல்லோரையும் கை தட்டச் சொன்னார். அந்தப் பெருமையெல்லாம் சேர்ந்து, வளைவில் புகை தெரிந்ததும், அத்தைக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "அத்தை, இனி மாமா ஊட்டுக்குப் போறதுன்னா வண்டி கட்டிட்டுப் போவ வேண்டாமுங்க. இங்கயே ஏறிக்கலாம்" என்றேன்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். பெரியப்பா தேங்காயோடு திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாக மறுபடி தண்டவாளத்தைப் பார்த்தார்.

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, ரயில் வந்து நின்ற பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. நான் சரியாகத்தான் சொல்லியிருந்தேன், நல்லதாகத்தான் சொல்லியிருந்தேன். அதனால் நானும் சேர்ந்துகொண்டு சிரித்தேன்.